கால் விறைத்தால் களைப்பென்று விட்டுவிடாதீர்கள்

யுத்தம் துரத்த ஊரைவிட்டு வந்த எங்களுக்கு வளைகுடாவில் அகதி என்று ஒரு பதிவு இல்லை. வேலை விசா ஒன்றுதான் எங்கள் இருப்பு. அதனால் உடம்புக்கு ஏதும் வந்தாலும் வாய் திறக்கப் பயம். அந்தப் பயத்தால் எங்களில் ஒருவர் நடை தளர்ந்துபோனார். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம்.

சார்ஜாவில் சோபா செய்யும் பட்டறையில் நாங்கள் பசை பூசினோம். ஏ.சி. குளிர் போய்விடும் என்று கதவைச் சாத்தி, முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வேலை. முதலில் தலையிடி, அது பழகிப்போனது. பிறகு அவருக்குக் கால்விரல்கள் விறைத்தன. ஒருநாள் செருப்புக் கழன்றது தெரியாமலே நடந்து போனார். சேட் பொத்தான் பூட்ட விரல்கள் மறுத்தன. சீனி வியாதி என்று நினைத்தோம். சோதித்தால் சீனி சரியாக இருந்தது. பசை டின்னைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் டொக்டருக்குக் காரணம் பிடிபட்டது.

சில பசைகளிலும் தின்னர்களிலும் என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கிறது. மூச்சோடு போகும் அதை ஈரல் வேறொரு நஞ்சாக மாற்றுகிறது. அந்த நஞ்சு நீளமான நரம்புகளை முதலில் தாக்கும். அதனால்தான் விறைப்பு கால்விரலில் தொடங்குகிறது.

இது புதிய நோயல்ல. 1960களில் ஜப்பானில் வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டியவர்களுக்கு வந்தது. 2009இல் சீனாவின் சூசோ நகரில் கைத்தொலைபேசித் திரை துடைத்தவர்களுக்கு வந்தது. அங்கே 137 பேர் பாதிக்கப்பட்டதை 2011இல் ஆப்பிள் நிறுவனம் தன் அறிக்கையில் சொன்னது.

லேஞ்சி ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும். கதவைத் திறந்து, காற்றாடியால் ஆவியை வெளியே தள்ளவேண்டும். தின்னரால் கை கழுவக்கூடாது. பசை வேலையை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார்கள்.

விறைப்பு வந்தால் அந்த ஆவியிலிருந்து விலகுவதுதான் முதல் வைத்தியம். விலகிய பின்னும் சில வாரங்கள், மாதங்கள் நோய் கூடலாம், மனம் தளரவேண்டாம். பலர் மெல்லமெல்லத் தேறுகிறார்கள். முற்றவிட்டால் குறை நின்றுவிடும்.

ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி, தொழிலால் வரும் நோய்க்குச் சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. ஆனால் நோய் தொழிலால் வந்தது என்று டொக்டருக்குத் தெரியவேண்டுமே. என்ன வேலை, எத்தனை மணிநேரம், எந்தப் பசை என்று நாங்களாகச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். டின்னில் ஒட்டியிருக்கும் தாளையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எங்கள் நண்பர் இப்போது தடியூன்றி நடக்கிறார். ஆறு மாதம் முந்திச் சொல்லியிருக்கலாம் என்கிறார்.