பாரம் ஏற்றத் தெரிந்தவருக்கு ஒரு பரீட்சை

2011 ஜனவரியில், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணி சுமார் மூன்று வார விடுமுறை முடிந்து பயிற்சிக்குத் திரும்பியது. கையில் பந்தை அணைத்துக்கொண்டு மோதி ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து. வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சிகளில் ஒன்று ஸ்குவாட். எடை மாட்டிய இரும்புத் தண்டைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழ வேண்டும். எடை, அவரவர் ஒரே ஒருமுறை அதிகபட்சமாகத் தூக்கக்கூடியதில் பாதி. எண்ணிக்கை 100. அதற்கு நேரக் கணக்கும் உண்டு. அடுத்த சில நாட்களில் 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தொடை இறுகி வீங்கியிருந்தது. சிறுநீர் அடர்பழுப்பாகப் போயிற்று.

மருத்துவர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வேலை வாங்கினால் தசை நார்களின் சவ்வு கிழிந்து, உள்ளே இருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்துவிடும். அதை வடிகட்டப் போய்ச் சிறுநீரகம் பாதிக்கப்படும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. அயோவா வீரர்கள் தேறிவிட்டார்கள். இனி இந்தப் பயிற்சியே வேண்டாம் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த எடை பெரிய எடையே கிடையாது என்பது. மிகக் கனமாக இருந்திருந்தால் நாலைந்து முறையிலேயே கால் மறுத்திருக்கும். வீரர் தண்டைத் தாங்கியில் போட்டுவிட்டு நின்றிருப்பார். பாதி எடை என்பதால்தான் உடம்பால் 100 வரை போக முடிந்தது. எத்தனை கிலோ, எத்தனை முறை, எத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகு என்ற மூன்றையும் சேர்த்து யோசிப்பது ஒரு தனிப் படிப்பு. அந்தப் படிப்பைப் படித்தவர்தானா என்று சோதிக்கும் தேர்வுகளில் பழையதும் பெயர்பெற்றதுமான ஒன்றைத்தான் இங்கே அறிமுகப்படுத்தப் போகிறேன்: அமெரிக்காவின் தேசிய வலிமை மற்றும் உடல்திறன் சங்கம், அதாவது என்.எஸ்.சி.ஏ., நடத்தும் சி.எஸ்.சி.எஸ். தேர்வு.

1960களில் அமெரிக்க விளையாட்டுப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் எடைப் பயிற்சியைக் கிட்டவே சேர்க்கவில்லை. தசை பெருத்தால் வேகம் போய்விடும், மூட்டு மடங்காது என்று உறுதியாக நம்பினார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பாய்டு எப்லி என்ற இளைஞர் கம்பு ஊன்றித் தாண்டும் வீரர். முதுகில் அடிபட்டு, அதிலிருந்து மீள எடைக் கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். காயம்பட்ட கால்பந்து வீரர்கள் சிலர் அவரைப் பார்த்துத் தாங்களும் அதையே செய்து, முன்பைவிட வலுவோடு களத்துக்குத் திரும்பினார்கள். அது அணி நிர்வாகத்தின் கண்ணில் பட்டது. 1969இல் எப்லிக்கு வேலை கிடைத்தது. ஒரு வீரர் வேகம் குறைந்தாலும் வேலை போய்விடும் என்று தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவனி சொல்லித்தான் சேர்த்துக்கொண்டாராம். யாரும் வேகம் குறையவில்லை. 1970, 1971 இரண்டு ஆண்டுகளிலும் நெப்ராஸ்கா தேசிய சாம்பியன் ஆயிற்று. பிறகு எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படி ஓர் ஆள் வேண்டும் என்று தேட ஆரம்பித்தன.

1978இல் எப்லியின் முயற்சியில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 76 பயிற்சியாளர்கள் கூடி இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1985இல் தேர்வு வந்தது. தொழில்முறைச் சான்றிதழ்களைத் தணிக்கை செய்யும் தேசிய ஆணையம் 1993இல் இதை அங்கீகரித்தது. தாங்களே கூடி, தங்களுக்கே ஒரு கடிவாளத்தைப் போட்டுக்கொண்ட தொழிலாளர்கள் என்பதால் எனக்கு இவர்கள் மீது தனி மரியாதை உண்டு.

தேர்வு எழுத இளங்கலைப் பட்டம் வேண்டும். இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவியில் செல்லுபடியாகும் சான்றிதழும் வேண்டும். கணினியில் எழுதும் தேர்வு இது. கேள்விக்கு மூன்று விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இரண்டு பகுதிகள். அறிவியல் அடிப்படைக்கு ஒன்றரை மணி நேரம், செயல்முறைக்கு இரண்டரை மணி நேரம். முதல் பகுதியில் மதிப்பெண்ணுக்கு உரியவை 80 கேள்விகள், இரண்டாவதில் 110. ஒவ்வொன்றிலும் இன்னும் 15 கேள்விகள் கலந்திருக்கும். அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காக அந்தக் கேள்விகளையே சோதித்துப் பார்க்கிறார்கள். எவை அந்த 15 என்று எழுதுபவருக்குத் தெரியாது. தேற வேண்டிய 70 என்பதும் நூற்றுக்கு எழுபது என்ற நேர்க்கணக்கு அல்ல. ஒரு வினாத்தாள் சற்றுக் கடினமாகவும் இன்னொன்று எளிதாகவும் அமைந்துவிடலாம் என்பதால் அதைச் சரிக்கட்டிக் கணக்கிடப்பட்ட அளவு அது. ஒரு பகுதியில் தேறி மற்றதில் தவறினால் தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம்.

முதல் பகுதியில் உடலியல், உயிர்விசையியல், விளையாட்டு உளவியல், உணவு எல்லாம் வரும். இவற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, உடம்பு சக்தியை எங்கிருந்து எடுக்கிறது என்பது. தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வேண்டும். அது தீரத் தீர நிரப்ப உடம்பில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தசைக்குள்ளேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட். சட்டைப்பையில் இருக்கும் சில்லறை மாதிரி, உடனே எடுக்கலாம், சீக்கிரம் தீர்ந்துபோகும். முழு வேகத்தில் ஓடினால் பத்து விநாடிக்குள் பெரும்பகுதி காலி. அதற்குமேல் போனால் சர்க்கரையை உடைக்கும் இரண்டாவது வழி கைகொடுக்கும். சுமார் இரண்டு நிமிடம் வரை அதன் ஆட்சி. நீண்ட ஓட்டத்துக்கு ஆக்ஸிஜனைக் கொண்டு எரிக்கும் மூன்றாவது வழி. மூன்றும் எப்போதும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன. எது முன்னால் நிற்கிறது என்பதுதான் மாறுகிறது.

இதைப் படித்தவர், பத்து விநாடி முழுவேக ஓட்டத்துக்கு எவ்வளவு ஓய்வு கொடுப்பார்? என்.எஸ்.சி.ஏ. பாடப்படி உழைப்பைப்போல் 12 முதல் 20 மடங்கு. அதாவது இரண்டு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் இருபது விநாடி வரை. அதற்குள்தான் அந்த முதல் கையிருப்பு பெருமளவு திரும்ப நிரம்பும். ஆனால் மைதானங்களில் என்ன நடக்கிறது? ஓடி வந்த பிள்ளை மூச்சு வாங்கி முடிப்பதற்குள் விசில் ஊதி மறுபடி ஓட வைக்கிறார்கள். ஐந்தாவது ஓட்டத்தில் அந்தப் பிள்ளை வேகமாக ஓடவில்லை, ஓடுவதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது வேகப் பயிற்சியே இல்லை. சும்மா நிற்பதுபோல் தெரியும் அந்த மூன்று நிமிடமும் பயிற்சியின் பகுதிதான் என்று பெற்றோருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் எடுத்துச் சொல்லும் தெம்பு, காரணம் தெரிந்தவருக்குத்தான் வரும்.

செயல்முறைப் பகுதிதான் இந்தத் தேர்வின் உயிர். பல கேள்விகளுக்குப் படமோ காணொளியோ காட்டுவார்கள். ஒருவர் ஸ்குவாட் செய்கிறார். இறங்கும்போது குதிகால் தரையைவிட்டுக் கிளம்புகிறது, எழும்போது முழங்கால் இரண்டும் உள்ளே சாய்கின்றன. முதலில் எதைத் திருத்துவீர்கள்? இன்னொருவர் பெஞ்சில் படுத்து மார்புக்கு மேல் எடை தூக்குகிறார். தலை, தோள்பட்டை, புட்டம், வலது பாதம், இடது பாதம் ஆகிய ஐந்தும் அசையாமல் படிந்திருக்க வேண்டும், எது விலகியிருக்கிறது? தலைமாட்டில் துணைக்கு நிற்கும் ஸ்பாட்டர் தண்டை எப்படிப் பிடிக்க வேண்டும்? ஒரு கை மேலாகவும் ஒரு கை கீழாகவும் மாற்றிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் தண்டு உருண்டு முகத்தில் விழாது. சரி, கிளீன், ஸ்னாட்ச் போன்ற வெடித்தெழும் தூக்கல்களில் ஸ்பாட்டர் எங்கே நிற்பார்? எங்கேயும் நிற்கக் கூடாது. அந்த வேகத்தில் வரும் எடையை இன்னொருவர் பிடிக்கப் போனால் இருவருக்கும் அடிபடும். தவறினால் எடையை முன்னால் தள்ளிவிட்டு விலகிக்கொள்ளத் தூக்குபவருக்கே பழக்கியிருக்க வேண்டும்.

இந்தத் தேர்வு எப்படி யோசிக்க வைக்கிறது என்று காட்ட, அதே தினுசில் நானே ஒரு கேள்வி அமைத்துப் பார்க்கிறேன். கல்லூரிக் கைப்பந்து வீராங்கனைக்கு ஒரே நாளில் ஐந்து சோதனைகள்: தோல்மடிப்பை அளந்து கொழுப்பைக் கணிப்பது, நின்ற இடத்திலிருந்து எகிறும் உயரம், திசைமாற்றி ஓடும் டி சோதனை, ஸ்குவாட்டில் ஒருமுறை அதிகபட்ச எடை, 300 கெஜ ஷட்டில் ஓட்டம். எந்த வரிசையில் நடத்துவது?

விடை நான் எழுதியிருக்கும் அதே வரிசைதான். களைப்பு தராதவை முதலில். தோல்மடிப்பை வியர்வைக்கு முன் எடுத்துவிட வேண்டும். பிறகு எகிறல், அதன்பின் திசைமாற்றம், அப்புறம் எடை. ஷட்டில் கடைசி. 25 கெஜத் தூரத்தை ஆறு முறை போய்த் திரும்பும் அந்த ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு முன்பின் எடுக்கும். முடித்தபின் கால் துவண்டுவிடும்.

வரிசையை மாற்றினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஷட்டிலை முதலில் வைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 100 கிலோ தூக்கக்கூடியவர், துவண்ட காலோடு 86 கிலோதான் தூக்குகிறார். ஏட்டில் 86 ஏறிவிடுகிறது. வலிமைக்காக அதில் 85 சதவீதம் என்று பயிற்சித் திட்டம் எழுதுகிறார்கள். 73 கிலோ வருகிறது. அவருடைய உண்மையான அளவுக்கு அது 73 சதவீதம்தான். வலிமை வளர்க்கும் அளவுக்கு அவர் போகவே இல்லை. தசையைப் பெருக்கும் அளவில் நின்றுவிட்டார். வாரக்கணக்கில் உண்மையாக உழைத்தும் எதிர்பார்த்தது வராது. குறை யார்மேல் விழும்? பெண் சரியாக முயற்சி செய்யவில்லை என்பார்கள். ஒரு காலைப்பொழுதின் வரிசைக் குழப்பம் ஒரு விளையாட்டு வீராங்கனையின் பெயரில் பழியாக வந்து நிற்கும். இதனால்தான் அலுவலகக் கணக்குப்போல் தெரியும் இந்தக் கேள்விகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

கூடத்தை நிர்வகிப்பது பற்றியும் கேட்பார்கள். சுவர்க் கண்ணாடியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 51 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. பெரிய எடைத்தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். சுவரில் சாய்த்து வைத்தாலும் உருண்டுவந்து இடித்தாலும் கண்ணாடியில் படாது. தரைவரை கண்ணாடி பதித்த ஜிம்களை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்த ஆறு சென்டிமீட்டர் ஞாபகம் வருகிறது.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு திரும்பும் வீரர்கள் விஷயத்தில் விதிகள் பின்னால் இன்னும் திட்டவட்டமாயின. 2019இல் என்.எஸ்.சி.ஏ.வும் கல்லூரிப் பயிற்சியாளர்களின் இன்னொரு சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்தில் வழக்கமான அளவில் 50 சதவீதம் குறைக்க வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் 30, 20, 10 என்று அந்தக் குறைப்பைத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். இரண்டு வாரமோ அதற்கு மேலோ விட்டுவிட்டுத் திரும்பும் பழைய வீரர்களுக்கும் முதல் இரண்டு வாரம் இதே கணக்கு. மிகக் கடுமையாக முதல் நாளே வாட்டியெடுத்தால்தான் மனவலிமை வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த எண்கள் உறுத்தும். உறுத்தட்டும்.

இத்தனை சொன்னாலும் இந்தத் தேர்வில் எனக்குத் தீராத ஒரு குறை உண்டு. நான்கு மணி நேரத்தில் தேர்வர் உயிருள்ள ஒரு மனிதரைத் தொடுவதே இல்லை. காணொளியில் வரும் முழங்காலைத் திருத்தச் சொன்னால் மூன்றில் ஒரு விடையைத் தட்டிவிடலாம். எதிரே நிற்பது பதினெட்டு வயதுப் பையன், அவன் கண் சொருகுகிறது, முகம் வெளிறுகிறது, பக்கத்தில் தலைமைப் பயிற்சியாளர் இன்னும் இன்னும் என்று கத்துகிறார் என்றால் அங்கே கையை உயர்த்தி நிறுத்துவது வேறு திறமை. 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 19 வயதுக் கால்பந்து வீரர் ஒருவர் தொடர் ஓட்டப் பயிற்சியில் வெப்பத் தாக்குக்கு ஆளாகி, இரண்டு வாரம் கழித்து இறந்தார். அத்தகைய நிலையில் உடனே செய்ய வேண்டியது உடம்பைக் குளிர்நீரில் அமிழ்த்துவது. அது செய்யப்படவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது. அங்கே நின்றவர்கள் படிக்காதவர்கள் இல்லை.

சங்கமும் இதை உணர்ந்திருப்பதாகவே தெரிகிறது. இப்போது எந்தத் துறையில் பட்டம் வாங்கியவரும் இந்தத் தேர்வை எழுதலாம். 2030இலிருந்து அது போதாது, இந்தத் தொழிலுக்கென்றே அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட படிப்பில் அனுபவமுள்ள ஒருவரின் கண்காணிப்பில் வீரர்களோடு நின்று வேலை பழக வேண்டியிருக்கும். தேறியவர்களும் மூன்றாண்டுக்கு ஒருமுறை, தொடர்ந்து கற்றதற்குச் சான்று காட்டித்தான் சான்றிதழைப் புதுப்பிக்க முடியும். முதலுதவிப் பயிற்சியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஜிம்மில் சேரப் போகிறவர்கள் பயிற்சியாளரின் புஜத்தை அளப்பதோடு நின்றுவிடாமல், எந்தத் தேர்வு எழுதினீர்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள் என்று கேட்கலாம். முறையாகப் படித்தவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சான்றிதழை எடுத்துக் காட்டுவார்.