ஹீட்டர் ஃபேன் நாலில் மட்டும் சுத்துதா?

கார் ஹீட்டர் ஃபேனை 1, 2, 3-ல் வைத்தால் அசையவே அசையாது. 4-க்குத் திருப்பினால் மட்டும் புயல் மாதிரி அடிக்கும். பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு இது பழக்கமான கதைதான். ஒருத்தர் "சுவிட்ச் போயிடுச்சு" என்பார், இன்னொருத்தர் "மோட்டார் மாத்தணும்" என்பார். பெரும்பாலும் ரெண்டுமே காரணமாக இருக்காது. ப்ரோகிராமில் பிழை தேடுகிற அதே முறையில் இதையும் வீட்டிலேயே தேடலாம். எது ஒழுங்காக வேலை செய்கிறது என்று முதலில் பிரித்துக்கொண்டால், சந்தேகப்பட வேண்டிய இடம் தானாகச் சுருங்கிவிடும்.

முதலில் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல், டீசல் கார்களில் பொதுவாக ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் சுமார் 90 டிகிரி சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பங்கு டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகும். அதுதான் ஹீட்டர் கோர். ப்ளோயர் மோட்டார் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை உள்ளே ஒரு சின்னக் கதவு முடிவு செய்யும். ஆக மூன்றே விஷயம்: தண்ணீர், கதவு, காற்று.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் சூடு இல்லை என்றால் தண்ணீர் அல்லது கதவு. எஞ்சின் நன்றாகச் சூடானதும் சூட்டுக் குமிழை முழுசாகத் திருப்பி வைத்து, சில நிமிடம் கழித்து எஞ்சினை அணையுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே போகிற இரண்டு ஹீட்டர் குழாய்களையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் தண்ணீரில் குறை இல்லை, கதவைப் பார்க்கணும். ஒன்று சூடு, மற்றது ஆறிப்போயிருக்கு என்றால் கோரில் அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவாக இருக்கலாம், இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பூட்டிய கராஜுக்குள் எஞ்சினை ஓட்டிச் சோதிப்பதும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமலே ஆளைக் கொல்லும்.

கதவைச் சோதிக்கக் காதே போதும். குமிழைத் திருப்பும்போது டாஷ்போர்டுக்குள் "டிக் டிக்" என்று விடாமல் சத்தம் வந்தால், கதவைத் திருப்புகிற சின்ன மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் உடைந்திருக்கும். பழைய கார்களில் மோட்டாருக்குப் பதில் கேபிள்தான். கிளிப்பிலிருந்து கழன்றிருந்தால் மாட்டிவிட்டால் முடிந்தது.

இப்போது நம் நாலாம் நம்பருக்கு வருவோம். கையால் திருப்பும் சுவிட்ச் உள்ள பெரும்பாலான கார்களில் 1, 2, 3-ல் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாக மோட்டாருக்குப் போகும். 4-ல் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும். அதனால் 4 மட்டும் ஓடினால் மோட்டார் நல்லா இருக்கு, ரெசிஸ்டர் போயிருக்கு என்று அர்த்தம். 1, 2, 3 ஓடி 4 மட்டும் ஓடவில்லையா? ரெசிஸ்டரை விட்டுவிட்டு ரிலேயையோ சுவிட்சையோ பாருங்கள். எதிலுமே ஓடவில்லை என்றால் ஃபியூஸ். அதுவும் சரி என்றால், 4-ல் வைத்து மோட்டார் கனெக்டரின் இரண்டு முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டியும் சுற்றாவிட்டால் மோட்டார் செத்துவிட்டது.

ரெசிஸ்டர் பல கார்களில் முன் பயணி கால் வைக்கும் இடத்துக்கு மேலே, இரண்டு ஸ்குரூவில் நிற்கும். அந்தப் பக்கம் ஏர்பேக் வயர்களும் இருக்கலாம், அதனால் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து கை வையுங்கள். கழற்றி ஓம் அளந்தால் நல்ல ரெசிஸ்டர் சில ஓமுக்குள் காட்டும். போனது எதுவும் காட்டாது.

புதுசு மாட்டியதோடு விட்டுவிட்டால் சில மாதத்தில் அதுவும் போகலாம். ஏன்? அரை ஓம் ரெசிஸ்டரில் 8 ஆம்பியர் ஓடினால் 32 வாட் சூடு, கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்ன். அந்தச் சூட்டை ஆற்றத்தான் அதை ப்ளோயர் காற்றுப் பாதையிலேயே வைத்திருக்கிறார்கள். கேபின் ஃபில்டர் தூசியில் அடைத்தால் காற்று குறையும், சூடு ஏறும். மோட்டார் பேரிங் தேய்ந்து இறுகினால் ஆம்பியர் ஏறும், சூடும் ஏறும். கடைசியில் ரெசிஸ்டரில் உள்ள தெர்மல் ஃபியூஸ் உருகிவிடும். எனவே ஃபில்டரைப் பாருங்கள், மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள், கனெக்டர் கருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

அந்தத் தெர்மல் ஃபியூஸை ஒரு துண்டு வயர் வைத்து இணைத்துவிடுகிற வைத்தியமும் நடக்கிறது. ஃபேன் ஓடும்தான். ஆனால் சூடு ஏறினால் நிறுத்த இனி யாரும் இல்லை. அடுத்து உருகப்போவது பிளாஸ்டிக் பெட்டியும் வயரும்.

"நம்ம ஊரில் ஹீட்டர் எதுக்கு?" என்று கேட்கலாம். ஏசிக்கும் இதே ப்ளோயர், இதே ரெசிஸ்டர்தான். மே மாத வெயிலிலும் இதே கோளாறு வரும். குளிர் நாடுகளில் விஷயம் இன்னும் தீவிரம், ஃபேன் நின்றால் முன் கண்ணாடி பனி மூடிப் பாதையே தெரியாது. அமெரிக்காவில் கண்ணாடிப் பனியை நீக்கும் வசதிக்கென்றே 103 என்ற எண்ணில் தனிப் பாதுகாப்பு விதி இருக்கிறது. வெற்றிடக் குழாயால் கதவுகளைத் திருப்பிய பல பழைய அமெரிக்கக் கார்களில், குழாய் ஓட்டையானால் காற்று தானாகக் கண்ணாடிப் பக்கம் போகும்படி வைத்திருந்தார்கள். பழுதானாலும் ஓட்டுபவருக்குப் பாதை தெரியணும் என்ற கணக்குதான்.