என் முதுகில் இரு கம்பிகள்

நம் வளாக வாயிலுக்கு அருகே குடியிருக்கும் மாஷிமா ஒருவர், சென்ற பூஜை விடுமுறைக்குச் சில நாள் முன்பு, தம் பேத்தியை என்னிடம் அழைத்து வந்தார். பெண்ணுக்கு வயது 12. மாஷிமாவின் கையில் பெரிய எக்ஸ்ரே உறை. "நீ வேலூர்ப் பெண்தானே, இதைப் பார்த்துச் சொல்" என்றார். நான் திருநெல்வேலிக்காரி, வேலூரை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஹவுராவாசிகளுக்குத் தமிழ்நாடு என்றால் வேலூர். வேலூர் என்றால் மருத்துவம். ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனையை நாடி, 1,600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யும் வங்காளிகள் பலர். ஊருக்குப் போகும்போதெல்லாம், மடியில் எக்ஸ்ரே உறையோடு அமர்ந்திருக்கும் ஒரு குடும்பத்தையேனும் ரயிலில் நான் காணாமல் இருந்ததில்லை.

மாஷிமா என்னைத் தேடி வந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. என் முதுகில் இரண்டு டைட்டானியக் கம்பிகளும் 18 திருகுகளும் இருக்கின்றன. 13ஆம் வயதில் வைத்தவை. "ஏன் எப்போதும் பட்டாளத்தான் போல் நிமிர்ந்தே உட்காருகிறாய்?" என்று கேட்கும் விடுதித் தோழியருக்கும் இதுவே விடை.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, அதோடு முறுக்கியும் கொள்வதை ஸ்கோலியோசிஸ் என்பர். பள்ளிப் பை கனத்ததாலோ கோணி உட்கார்ந்ததாலோ இது வருவதில்லை. என் பாட்டி தம் இறுதி நாள்வரை பையின் மீதே பழி சுமத்தினார். அம்மாவோ தம்மீதே சுமத்திக்கொண்டார். வளரும் பருவத்தில் தோன்றும் இவ்வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவ உலகம் இன்றும் அறியாது. சிறு வளைவு ஆண், பெண் இருபாலாருக்கும் ஏறத்தாழச் சமமாக வரும். அது பெரிதாக வளர்வது மிகுதியும் பெண்களிடத்தே.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. குழந்தையைக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1865இல் விளக்கிய சோதனை இது. எக்ஸ்ரே படத்தில் கோடிட்டு வளைவைப் பாகைக் கணக்கில் அளக்கும் முறையை 1948இல் வெளியிட்டவர் அமெரிக்கரான ஜான் காப். 10 பாகைக்குக் குறைந்தால் நோயன்று. 25 பாகையைத் தாண்டி, வளர்ச்சியும் மிச்சமிருந்தால், உடலை இறுக்கிப் பிடிக்கும் கவசம் அணிவிப்பர். 50ஐ எட்டினால், வளர்ச்சி நின்ற பிறகும் வளைவு மெல்ல மெல்லக் கூடக்கூடும். ஆகவே அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுப்பர். எனக்கு 62.

அறுவையில் நடப்பது என்ன? கம்பி வைத்து நிமிர்த்துகிறார்கள் என்றே எல்லோரும் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நிமிர்த்துவது கம்பி, நிமிர்ந்ததை வாழ்நாள் முழுதும் தாங்குவது எலும்பு. முள்ளெலும்புகளின் மேற்புறத்தைச் சுரண்டி, எலும்புத் துண்டுகளைப் பரப்பிவிட்டால், எலும்பு முறிவு கூடுவதுபோல் அவை மாதக்கணக்கில் ஒன்றோடொன்று கூடி ஒரே எலும்பாகிவிடும். நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் 1911இல் இவ்வகை அறுவையைக் கம்பியே இல்லாமல் செய்தார். பின்னர் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக எஃகுக் கம்பி ஒன்றை அமைத்து 1962இல் வெளியிட்டார். லாரிக்கு ஜாக்கி கொடுப்பதுபோல் அது முதுகை மேலும் கீழுமாக நெட்டித் தள்ளியது. வளைவு குறைந்தது, ஆனால் இடுப்புவரை கம்பி நீண்டவர்களுக்கு இடுப்பின் இயற்கையான குழிவும் போயிற்று. ஆண்டுகள் சென்றபின் அவர்களிற் பலர் நேராக நிற்கமுடியாமல் முன்சாய்ந்து துன்புற்றனர். இக்காலத் திருகுகள் ஒவ்வொரு முள்ளெலும்பையும் தனித்தனியே பிடித்து, அந்தக் குழிவையும் காக்கின்றன.

பொறியியல் மாணவர்க்கு ஒரு சொல். எலும்பு கூடாத இடத்தில், ஒவ்வோர் அசைவின் பாரமும் கம்பியின் மீதே விழும். எத்தனை உயர்ந்த உலோகமானாலும் இலட்சக்கணக்கான முறை வளைந்தால் களைத்து ஒடியும். ஆண்டுகள் கழித்துப் புதிதாக வலி வந்தால் மருத்துவர் கம்பி ஒடிந்ததா என்று தேடுவது இதனால்தான். (நம் ஹவுராப் பாலம் 26,500 டன் எஃகு, திருகாணியே இல்லாமல் ரிவெட் அடித்தே கட்டியது. அவ்வகையில் என் முதுகு பாலத்தினும் நவீனமானது.)

இதை நான் கற்றது வகுப்பில் அன்று. 18ஆம் வயதில் எனக்கு இடுப்பில் ஓயாத வலி வந்தது. ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம், "கலியாணம் ஆகிவிட்டதா? குழந்தை பெறுவது கடினம்" என்றார். "உலோகம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது" என்றும் சொன்னார். அன்றிரவு வீட்டில் எவரும் உண்ணவில்லை. இரண்டுமே தவறு. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. உலோகத்தை ஒட்டிய படம் சற்று மங்கும், அவ்வளவே. என்னைப் போன்ற பெண்கள் தாயாகி நலமாகவே வாழ்கின்றனர். பேற்றின்போது முதுகில் ஊசி போடுவது மட்டும் கடினமாகலாம். எந்த எலும்புவரை கூடியிருக்கிறது என்பதை மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அடுத்து நாங்கள் கண்ட மருத்துவர் கால்மணி நேரம் கேட்டார், தட்டினார், குனியச் சொன்னார். கம்பி நலமே, அசையாத பகுதியின் வேலையையும் சேர்த்துச் செய்த இடுப்புத் தசைகள்தாம் ஓய்ந்திருந்தன. நாள்தோறும் பயிற்சி செய்கிறேன். வலி முற்றும் போகவில்லை. இப்போது எனக்குக் கட்டுப்படுகிறது.

அவர் கேட்டதில் ஒன்றை மட்டும் எங்களால் தர இயலவில்லை: அறுவைக் குறிப்பு. எந்த உலோகம், எந்த எலும்பிலிருந்து எந்த எலும்புவரை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை மருத்துவர் மூன்றாண்டுக் காலம் காத்துவைக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும். நாங்கள் கேட்டபோது ஐந்தாண்டு ஓடிவிட்டது. உடலில் எதையேனும் பொருத்திக்கொண்ட எவரும், வீடு திரும்பும் நாளிலேயே நகல் வாங்கிவிடுவது நல்லது.

மாஷிமாவின் பேத்திக்கு 28 பாகை. நான் மருத்துவர் அல்லேன் என்று சொல்லி, கேட்கவேண்டிய கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வளர்ச்சி எவ்வளவு மீதி? அடுத்த படம் எப்போது? அதைப் பின்புறமிருந்து எடுக்கலாமா? வளரும் பெண்ணின் மார்பில் கதிர் குறைவாகப் படும் என்பதால் இதைக் கேட்கவேண்டும். கவசத்தால் பயன் உண்டா என்பதைக் கேட்கவேண்டியதில்லை. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கவசம் அணிந்தவர்களுள் 72 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களுள் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது. அதிலும் நாளில் அதிக நேரம் அணிந்தோர்க்கே பயன் மிகுதி.

கொல்கத்தாவில் மருத்துவரிடம் நானும் உடன் சென்றேன். அவர் மாஷிமாவிடமே பேசிக்கொண்டிருந்தார். பாதியில் அந்தப் பெண் தாளை விரித்து, "டாக்டர்பாபு, பள்ளிக்கூடத்திலும் போட்டுக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். நாளைக்கு 18 மணி நேரம், நீந்தும்போது கழற்றிவிடலாம். அடுத்த எக்ஸ்ரே மார்ச்சில்.