வெள்ளமும் வடிகாலும்

மாரி பிறந்துவிட்டால் திரியாய் வயல்வெளியிலே இரு காணிக்காரரிடையே பேச்சு நின்றுபோக ஒரு முழ மண்ணணை போதும். பள்ளத்திலுள்ளவர் தம் பயிரைக் காக்க வடிகாலை அடைப்பார். மேட்டிலுள்ளவரின் நாற்று நீரில் மூழ்கும்.

இந்நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தின்படி, இயற்கையாய் இறங்கிவரும் மழைநீரைப் பள்ளக்காணி ஏற்றேயாக வேண்டும். ஆயினும், மேட்டுக்காணிக்காரர் புதிதாய்க் கால்வாய் வெட்டி, நீரை ஒன்றுதிரட்டி, முன்னிலும் வேகமாய் அயலவர் வயலிற் பாய்ச்சுதல் ஆகாது. ஆகவே, நீர் முன்னர் எவ்வழி ஓடிற்று என்பதே முதற் கேள்வி. வெட்டிய வடிகாலாயினும், அனுமதி கேளாது உரிமையாகவே 10 ஆண்டுகள் தடையின்றிப் பயன்பட்டிருப்பின், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் துணைநிற்கக் கூடும்.

நேரிற் பேசி இணங்காவிடின், வயல் வாய்க்காலைப் பற்றிக் கமநல சேவை நிலையத்தில் முறையிடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையும் உண்டு. அங்கே சட்டத்தரணிகள் எவருக்காகவும் வாதாடுவதில்லை. உடன்பாடு கிட்டாவிடின், அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் செல்லலாம். அவ்வழக்கு முடியுமுன் எத்தனை மாரி வந்து போகுமோ!

எவ்வழி நாடினும், வெள்ளம் நிற்கும்போதே கிராம உத்தியோகத்தரை வரம்புக்கு அழைத்து நீரின் போக்கைக் காட்டி வையுங்கள். ஆடியிற் காய்ந்த வயலிலே அதனைக் காட்டுவது எங்ஙனம்?