அதிகம் முட்டை போடும் கோழி நல்ல கோழியா?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு பண்ணையில எந்தக் கோழி அதிகமா முட்டை போடுதோ, அதோட குஞ்சுகளை மட்டும் வளர்க்கிறோம். அடுத்த தலைமுறையில முட்டை கூடுமா, குறையுமா?

கூடும்னுதானே தோணுது? தனித்தனிக் கூண்டுன்னா சரி. ஒரே கூண்டுல பல கோழிங்க இருந்தா கணக்கு மாறிடும். அந்த முதலிடக் கோழி, பக்கத்துல இருக்கிறதைக் கொத்தி விரட்டி, அதோட தீனியையும் தின்னு அங்க வந்திருக்கலாம். அதோட குஞ்சுகளை ஒண்ணா அடைச்சா, கூண்டு முழுக்க அடாவடிதான்.

இந்தக் கொத்தல் சாதாரண விஷயம் இல்ல. இறகைப் பிடுங்கும். ரத்தம் தெரிஞ்சா மத்ததும் சேர்ந்துக்கும், உயிரே போயிடும். அதனாலதான் கூண்டுப் பண்ணைகள்ல குஞ்சா இருக்கும்போதே அலகு நுனியைச் சூடான பிளேடால வெட்டுற வழக்கம் இருக்கு. அந்த நுனியில நரம்பு இருக்கு, வலிக்கும்.

சரி, குணத்தை வளர்ப்பு மூலமா மாத்த முடியாதா? நோய் விஷயத்துல இது முடிஞ்சிருக்கு. மாரெக்ஸ்னு ஒரு வைரஸ் நோய், கோழியோட கால் விளங்காமப் போகும், உடம்புக்குள்ள கட்டி வரும். 1960கள்ல அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துல ராண்டால் கோல், அந்த வைரஸைத் தாங்கின குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, சில தலைமுறையிலேயே எதிர்ப்புள்ள வரிசையை உருவாக்கினார். நோய் தாங்குதா இல்லையாங்கிறது அந்தக் கோழியோட உடம்புலயே தெரிஞ்சிடும். அடாவடி அப்படி இல்ல. அதோட சேதம் பக்கத்துக் கோழி மேலதான் தெரியும். தனித்தனியா மார்க் போட்டா அது கண்ணுலயே படாது.

பர்டியூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் இங்கதான் வழியை மாத்தினார். ஒரே சேவலோட பெண் பிள்ளைகளை ஒரே கூண்டுல விட்டார், அலகையும் வெட்டல. தனிக் கோழியைப் பார்க்காம, மொத்தக் கூண்டுக்கும் மார்க் போட்டார். நல்லா முட்டை போட்டு, ரொம்ப நாள் உயிரோட இருந்த குடும்பங்கள்ல இருந்துதான் அடுத்த தலைமுறை.

1996ல வெளியான முடிவு இது: ஒரு வருஷத்துல சாகிற கோழிகள் இரண்டாம் தலைமுறையில 68 சதவீதம், நாலாம் தலைமுறையில 8.8 சதவீதம். கூண்டுல விட்ட ஒரு கோழிக்கு வருஷத்துக்கு 91 முட்டைன்னு இருந்தது 237 ஆச்சு. பெரிய காரணம், கோழிங்க உயிரோட இருந்ததுதான்.

எப்படி இவ்வளவு வேகம்? கூண்டுல இருக்கிறது எல்லாம் சொந்தக்காரங்க. ஒண்ணோட குணம் மத்ததுலயும் கொஞ்சம் இருக்கும். அதனால சாந்தமான கூண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தச் சாந்தத்துக்குக் காரணமான மரபணுவும் சேர்ந்தே வந்துடுது.

இந்தக் கதையை ஆபீஸ் டீமுக்குப் பாடமா சொல்றவங்க உண்டு. கொஞ்சம் நிதானம் தேவை: ஆபீஸ்ல யாரும் அக்கா தங்கச்சி இல்ல, நாலு தலைமுறை வளர்க்கவும் முடியாது.

எனக்கு இதுல உறுத்துற கேள்வி வேற. கோழி சாந்தமாச்சு, ஆனா கூண்டு அதே கூண்டு. கூண்டுக்கு ஏத்த மாதிரி கோழியை மாத்தணுமா, கோழிக்கு ஏத்த மாதிரி கூண்டை மாத்தணுமா? ரெண்டும் சேர்ந்துதான் நடக்கணும்ங்கிறது என் கருத்து. நீங்க என்ன நினைக்கிறீங்க, சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!