கடைக்கு வரி இரட்டிப்பு, கோட்டைக்கு வரி இல்லை: செஞ்சியில் வீடு கட்ட உதவி எங்கிருந்து வருகிறது?

2025 ஜூலை 11. பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, ‘மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. அன்று முதல் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளின் ட்ரோன் வீடியோக்கள் எல்லோர் போனிலும் ஓடின.

கொண்டாட்டம் சரி. ஆனால், கோட்டையைப் பார்க்க வருபவர் வாங்கும் டிக்கெட் பணம் இந்திய தொல்லியல் துறைக்குப் போகிறது. அவர் குடித்துவிட்டு வீசும் தண்ணீர் பாட்டிலை அள்ளுவது செஞ்சி பேரூராட்சி. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 27 ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர் இது. குப்பை, தெருவிளக்கு, குடிநீர், வாய்க்கால் எல்லாம் அதன் பொறுப்பு. இதற்கெல்லாம் பணம்?

பேரூராட்சிக்குச் சொந்தமாக வருவது சில வழிகளில்தான்: சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பேரூராட்சிக் கடைகளின் வாடகை, சந்தை ஏலம். வெள்ளிக்கிழமை வாரச்சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே எத்தனை ஆடு கைமாறும் என்று. இதில் தொழில் வரியை எவ்வளவு தேவையிருந்தாலும் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் அதிகபட்சம் என்று அரசியல் சாசனமே பூட்டு போட்டிருக்கிறது. அந்தப் பூட்டு 1988-ல் போட்டது. இன்றைக்கு உங்கள் சம்பள சிலிப்பிலும் அதே உச்சவரம்புதான். ஆக, ஓரளவு கைக்கு அடங்கியது சொத்து வரி மட்டும்.

கடைக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, கட்டடம் எத்தனை சதுர அடி, என்ன கூரை, எவ்வளவு பழையது, எதற்குப் பயன்படுகிறது... இவற்றை வைத்துத்தான் சொத்து வரி கணக்காகும். கடைசிக் கேள்விதான் முக்கியம். காந்தி பஜாரில் ஒரே அளவுள்ள இரண்டு கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும், ஒன்று வீடு, மற்றொன்று மளிகைக்கடை என்றால் வரி வேறு வேறு.

இந்த இடைவெளி 2022-ல் இன்னும் பெரிதானது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மார்ச் கடைசியில் சொத்து வரி உயர்வு அரசாணை வந்தது. (வரிசையைக் கவனியுங்கள்.) சென்னையைத் தவிர்த்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு. 1,200 சதுர அடி வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். வணிகக் கட்டடத்துக்கு அளவு வித்தியாசமே பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் நேராக 100 சதவீதம்.

ஒரு உதாரணத்துக்குப் பார்ப்போம். அரையாண்டுக்கு 200 ரூபாய் கட்டிய சின்ன வீடு 250 ரூபாய்க்குப் போனது. 1,000 ரூபாய் கட்டிய கடை 2,000-க்குப் போனது. 2023 விதிகள் ஆண்டுதோறும் உயர்த்த வழி செய்தன. அதன்படி 2024-ல் இன்னொரு 6 சதவீதம் ஏறியது. வீடு 265, கடை 2,120.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், டெல்லி வைத்த ஒரு நிபந்தனை. 15-வது நிதிக்குழு, 2021-22 முதல் 2025-26 வரையிலான நகர்ப்புற உள்ளாட்சி மானியத்தைச் சொத்து வரியோடு முடிச்சுப் போட்டது. குறைந்தபட்ச வரி விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும். பிறகு வசூல், மாநிலப் பொருளாதார வளர்ச்சி வேகத்துக்கு ஈடாக உயர வேண்டும். இல்லாவிட்டால் மானியம் இல்லை. கிடைத்தாலும் சின்ன ஊர்களில் அதில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கு என்று கட்டிப்போட்ட பணம்.

சட்டப்படி வரி கட்ட வேண்டியவர் கட்டட உரிமையாளர். நடைமுறையில் அது வாடகையில் ஏறி, கடைக்காரர் தலையில் வந்து உட்காரும். இங்கிலாந்தில் இது நேர் எதிர். அங்கே வணிகக் கட்டட வரிக்குப் பொறுப்பு அதில் தொழில் நடத்துபவர்தான், பில் அவர் பெயருக்கே வரும். நம்ம ஊரில் பில் ஒருவர் பெயரில், சுமை இன்னொருவர் மேல். அதனால், எவ்வளவு வரி கட்டுகிறோம் என்றே தெரியாத கடைக்காரர், ‘எதுக்குக் கட்டுறோம்’ என்று பேரூராட்சியிடம் கேட்கவும் முடிவதில்லை.

இன்னொரு விஷயம். யுனெஸ்கோ அறிவிப்புக்குப் பிறகு வீட்டின் முன்பக்கத்தை டீக்கடையாகவோ தங்கும் அறையாகவோ மாற்ற நினைப்பவர்கள், அந்தப் பகுதிக்கு வணிக விகிதத்தில் வரி வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, கோட்டை என்ன கட்டுகிறது?

ஒன்றும் இல்லை. மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது என்கிறது அரசியல் சாசனத்தின் 285-வது பிரிவு. 2022 டிசம்பரில் ஆக்ரா மாநகராட்சி தாஜ்மகாலுக்கே நோட்டீஸ் அனுப்பிப் பார்த்தது. சொத்து வரி ஏறக்குறைய ஒன்றரை லட்சம், தண்ணீர் வரி ஏறக்குறைய 2 கோடி ரூபாய். நினைவுச்சின்னங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று தொல்லியல் துறை சொல்லிவிட்டது. தாஜ்மகாலே கட்டாதபோது ராஜகிரி கட்டுமா? ஊரின் மிகப் பெரிய சொத்து வரிப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள செலவு மட்டும் உள்ளே இருக்கிறது.

வரிப் பணத்தில் வீடு கட்டிக் கொடுக்கிறார்களா?

‘கடைக்கு இரண்டு மடங்கு வாங்குறாங்களே, அதுல ஏழைங்களுக்கு வீடாவது வருதா?’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பதில், இல்லை. சொத்து வரி பேரூராட்சியின் அன்றாடச் செலவுக்குப் போகிறது. வீட்டு உதவி வேறு குழாயில் வருகிறது. அந்தக் குழாயின் திறப்பு சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறது.

ஊருக்குள் இருப்பவர்களுக்கான திட்டம், பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம். 2024 செப்டம்பரில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், சொந்த மனையில் தானே வீடு கட்டுபவருக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம் தரும், மாநிலம் குறைந்தது 1 லட்சம் தர வேண்டும். மொத்தம் இரண்டரை லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. மனைக்குப் பட்டா வேண்டும். இங்கேதான் பலர் தவறாக நம்பிவிடுகிறார்கள். பல வருஷமாக வீட்டு வரி கட்டிய ரசீது கையில் இருந்தாலும் அது உரிமைப் பத்திரம் ஆகாது. புறம்போக்கில் குடியிருப்பவரிடமும் வரி வாங்குவார்கள், ஆனால் அந்த ரசீதைக் காட்டி வீட்டு மானியம் வாங்க முடியாது.

இப்போது பேரூராட்சி எல்லையைத் தாண்டி, பக்கத்துக் கிராம ஊராட்சிக்குள் கால் வையுங்கள். அங்கே குடிசையில் வாழும் குடும்பத்துக்கு 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் இருக்கிறது. 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஊரகப் பகுதிக்கு மட்டும். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு.

ஒரே மாதிரி குடிசை. ஒரே மாதிரி கூலி வேலை. சிமென்ட் மூட்டை வாங்குவதும் அதே செஞ்சிக் கடையில்தான். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் 1 லட்சம் ரூபாய் அதிகம். நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டமும் அந்தப் பக்கம்தான். ‘எங்க ஊராட்சியை டவுனோட சேர்க்காதீங்க’ என்று தமிழ்நாட்டின் பல கிராமங்களில் போராட்டம் நடப்பது ஏன் என்று நகரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

100 மீட்டர் கோடு

செஞ்சியில் இன்னொரு கோடும் உண்டு, பெரும்பாலான ஊர்களில் இல்லாதது. 2010-ல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்ட, தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்று வழியாக அனுமதி வாங்க வேண்டும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

டெல்லி குதுப்மினார் போல ஒரே வளாகமாக இருந்தால் இந்தக் கோட்டை ஒரு வட்டமாக வரைந்துவிடலாம். செஞ்சிக் கோட்டை அப்படி இல்லை. மூன்று மலைகளை மதில்கள் இணைக்கின்றன, திருவண்ணாமலை சாலையே அதற்குள் புகுந்து போகிறது. எல்லை நீளம் என்றால், அதன் ஓரம் ஓடும் 100 மீட்டர் பட்டையும் நீளம்.

அந்தப் பட்டைக்குள் பட்டா நிலத்தில் ஓலைக் குடிசை வைத்திருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் தகுதி, பட்டா தகுதி, வேறு வீடு இல்லை என்பதும் தகுதி. ஆனால் திட்டம் கேட்பது புதிய கான்கிரீட் வீடு, சட்டம் தடுப்பதும் அதைத்தான். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்று நிரூபித்தால் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். ஓலைக் குடிசைக்கு 1992 ஆதாரம் எங்கே தேடுவது? பழைய வரி ரசீது உதவக்கூடிய ஒரு இடம் இதுதான். உரிமையை நிரூபிக்காது, ஆனால் அந்தத் தேதியில் அங்கே ஒரு கட்டடம் இருந்தது என்று காட்ட உதவும். இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கோட்டைக்குக் காவல் தேவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் விலையை மலையடிவாரக் குடிசை மட்டும் கொடுப்பது நியாயமில்லை. மாற்று மனை தந்து, அங்கே திட்டப் பணத்தில் வீடு கட்ட விடலாம். அதற்குப் பேரூராட்சியிடம் பணமும் இல்லை, நிலம் ஒதுக்கும் அதிகாரமும் இல்லை. மனு போட வேண்டிய இடம் வருவாய்த் துறை. வட்டாட்சியர் அலுவலகமும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டமும்தான் வழி.

கடை வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு தகவல். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபர் முடிவதற்குள் கட்டினால் சொத்து வரியில் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டு தாண்டி இழுத்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. உரிமையாளர் வரியை உங்கள் வாடகையில் சேர்த்து வாங்குகிறார் என்றால், ரசீது நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தள்ளுபடி யாருக்குப் போகிறது என்று அதில் தெரிந்துவிடும்.