பதினெட்டுக்கு இரண்டு மாதம் முன்பே

பிளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் நம் அலுவலகத்துக்கு வருகிறது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர் பதினெட்டு முடிந்த மறுநாள் எங்கே தங்குவார்? அரசின் உதவி தானாக வருமா?

வராது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 46-ஆவது பிரிவு, வெளியேறுபவருக்கு நிதியுதவி வழங்கலாம் என்கிறது; வழங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மேடையில் இதற்கு மறுவாழ்வு என்று பெயர். சட்டத்தில், கொடுத்தால் உண்டு.

அந்த 'கொடுத்தால்' எங்கே முடிவாகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிறந்தநாளில் அல்ல. பிள்ளை இல்லத்தைவிட்டுப் போக இரண்டு மாதம் இருக்கும்போதே, நன்னடத்தை அலுவலரோ குழந்தைகள் நல அலுவலரோ ஒரு வெளியேறும் திட்டம் எழுதி, குழந்தைகள் நலக் குழுவிடமோ இளைஞர் நீதிக் குழுமத்திடமோ தர வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள். பிற்காப்பு, அதாவது இல்லத்தைவிட்டு வெளியேறிய பிறகான ஆதரவு, தேவை என்று பரிந்துரைப்பது அந்தத் தாள்தான். அதை எழுதுபவர் அலுவலர். அதனால் வாழப்போகிறவர் பிள்ளை. எழுதாமல் விட்டால் யார் பொறுப்பு என்பதற்கு அந்த விதியில் பதில் கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வயதுக்குச் சட்டம் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழை. பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு, சேர்க்கையன்று யாரோ குத்துமதிப்பாக எழுதிய தேதிதான் பிறந்தநாள். (நம் ஊர்ப் பள்ளிப் பதிவேடுகளில் மே, ஜூன் மாதப் பிறப்புகள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.) ஜூனில் பிறந்ததாகப் பதிவானவருக்கு இரண்டு மாதம் முன்பு என்றால் ஏப்ரல், மே என்றால் மார்ச். பொதுத்தேர்வும் அது முடிந்த களைப்பும் அந்த வாரங்களில்தான். அடுத்த மூன்று ஆண்டுகள் எங்கே படுத்து எழுவது என்பதைத் தீர்மானிக்கும் தாள், பிள்ளை வேதியியல் மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போது அலுவலக மேசையில் எழுதப்படுகிறது. அல்லது எழுதப்படாமலே போகிறது.

எழுதப்பட்டால் என்ன கிடைக்கும்? ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குடியிருப்பு, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, ஓர் ஆலோசகர், தொழில் தொடங்கக் கடன் ஏற்பாடு என்று விதியில் பட்டியல் இருக்கிறது. இவையும் 'இருக்கலாம்' என்ற வகைதான். கைக்கு வருவது பணம்: மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்ட வழிகாட்டுதலின்படி மாதம் 4,000 ரூபாய். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வீட்டுக்காரரிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள். முன்பணத்துக்கு வரம்பாக மூன்று மாத வாடகையைச் சொல்லும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லலாம், வீடு கிடைக்காது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எத்தனை வயது வரை? 21, விதிவிலக்கான சூழலில் 23.

பணம் யார் கையில்? பயனாளியின் வங்கிக் கணக்கில் நேராக. கணக்கை இல்லத்தில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

ஆதாரில் இல்லத்தின் முகவரி இருக்கிறதே? புது இடம் உறுதியானதும் மாற்றிக்கொள்ளலாம்.

கல்லூரியில் சேர்ந்தால்? தகுதியுள்ள அரசுப் பள்ளி மாணவருக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு? அரசின் தோழி விடுதிகள் உண்டு. பையன்களுக்கு அந்த வழி இல்லை.

சட்ட உதவி? 15100-ஐ அழைக்கலாம்.

அலுவலர் எழுதும்வரை காத்திருக்காதீர்கள். இல்லத்தில் இருப்பவர்கள் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே, பிற்காப்பு வேண்டும் என்று குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கைப்பட எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.